ஒன்றரை அடி ஆலமரத்தின் நிழல்

வேலூரில் பூஞ்சோலை நகர் என்று ஒரு பகுதி உண்டு, அங்கே பூவும் கிடையாது சோலையும் கிடையாது, நான்கு தெருக்களும் நூற்றுச் சொச்சம் வீடுகளும் வீட்டுக்கு வீடு கார் ஏறுவதற்கு ஒரு சிமென்ட் சரிவும்தான் உண்டு. அந்த நகரின் மூன்றாம் தெருவில், பங்குனி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில், ஜெசிந்தா தன் வீட்டு மதில்மேல் தட்டில் வைத்து வளர்த்த ஒன்றரை அடி ஆலமரம், இருநூறு வயது ஆலமரத்தின் நிழலைத் தெருவில் போட்டது.

மரம் வளர்ந்துவிடவில்லை. அதே தட்டு, அதே ஒன்றரை அடி, கட்டைவிரல் நகம் அளவுக்கு அதே இலைகள். நிழல் மட்டும் ஏழு வீட்டு நீளத்துக்குக் கிளை கிளையாக, விழுது விழுதாக, நடுவில் பேருந்து ஒன்றை நிறுத்தலாம் போன்ற அகலத்தில் விழுந்து கிடந்தது. முதலில் பார்த்தவன் ஆட்டோ ஓட்டும் அன்வர் பாஷா. அவன் அண்ணாந்து பார்த்தான், மேலே ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தான், கீழே எல்லாம் இருந்தது. ஆட்டோவை நிழலுக்குள் ஏற்றி நிறுத்தினான், பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்தான், அடுத்த நிமிஷம் குறட்டை விட்டான். அவனுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ் விற்கும் கோகிலா வந்தாள், வண்டியை அவன் பக்கத்தில் ஓரங்கட்டினாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மதிலுக்குள் எட்டிக் கூப்பிட்டாள்.

"யக்கா, இன்னாக்கா இது, இவ்ளோ நாளா எங்க வெச்சிருந்த இத்த?"

"இங்கதான் இருந்துச்சு" என்றாள் ஜெசிந்தா. அவளும் அப்போதுதான் பார்த்தாள். கையில் இருந்த பூவாளியிலிருந்து தண்ணீர் அவள் கால்மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு பல் மருத்துவரிடம் பதினாறு வருஷம் உதவியாளராக இருந்தவள். மருத்துவர் மகனோடு வெளிநாடு போய்விட, பல் பிடுங்கும் கொறடுகளையும் கொக்கிகளையும் எடுத்துக் கொடுத்தே பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்றது; அதற்குக் கிட்டத்தட்ட அதே கருவிகளோடு செய்யக்கூடிய வேலை ஒன்று உலகத்தில் இருப்பதை அவள் கண்டுபிடித்தாள். இப்போது அவள் வீட்டு முன்னறைதான் கடை. போன்சாய் என்கிற தட்டு மரம் வளர்ப்பவர்களுக்கு வேண்டிய நுனிக் கத்தரி, கிளையைக் குழிவாகக் கடித்து எடுக்கும் கொறடு, வேரைச் சீவும் கொக்கி, கிளையை வளைத்துக் கட்டும் அலுமினியக் கம்பிச் சுருள், தட்டின் ஓட்டையை மூடும் வலை, மூன்று அளவுச் சல்லடை, வெட்டுக்காயத்தில் தடவும் பசை எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து ஊர் ஊராகப் பார்சல் அனுப்புவாள். வீட்டில் அவளும் அந்த ஆலமரமும் மட்டும்தான். மருத்துவமனைக் கழிவுநீர்க் குழாயின் விரிசலில் முளைத்திருந்த கன்றைப் பதினான்கு வருஷத்துக்கு முன் அவளே பிடுங்கிக்கொண்டு வந்தாள். கிளையை வெட்டும்போதெல்லாம் அதனிடம், "கொஞ்சமாத்தான் வலிக்கும், வாயைத் திற" என்று சொல்வது அவள் வழக்கம்.

நிழல் ஏன் வந்தது என்று தெருவில் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் அந்தப் பேச்சு அலுத்துவிட்டது. நிழலை என்ன செய்வது என்ற பேச்சு தொடங்கியது, அது அலுக்கவே இல்லை. காலையில் நிழல் மேற்கே எதிர்வீடுகளின் மேல் ஏறியது, உச்சியில் தெரு நடுவே சுருண்டு உட்கார்ந்தது, மாலையில் கிழக்கே சாய்ந்து தண்ணீர்த் தொட்டி வரை நீண்டது. அதோடு சேர்ந்து நாற்காலிகளும் நகர்ந்தன, கூழ் வண்டியும் நகர்ந்தது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் புத்தகத்தோடு நகர்ந்தார்கள். வத்தல் போடும் வீடுகளிலிருந்து மட்டும் சண்டை வந்தது. "ஜெசிந்தாக்கா, தட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு, என் வத்தல் காயலை" என்று ஒருத்தி கத்த, அவள் தட்டைக் கால்வாசி திருப்ப, ஒரு பெரிய கிளையின் நிழல் தெருவைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போய் இன்னொருத்தியின் மிளகாய்மேல் விழ, அவள் கத்தினாள். கடைசியில் யார் வீட்டுக்கு எந்தக் கிழமையில் வெயில் என்று அட்டவணை எழுதி மின்கம்பத்தில் ஒட்டினார்கள்.

மழைக்காலத்துக்கு முன் கம்பிகளில் உரசும் கிளைகளைக் கழிக்கத் துறட்டியோடு வந்த மின்வாரிய ஊழியர் ஒருவர், கம்பிகளின்மேல் இத்தனை கிளை நிழல் கிடப்பதைப் பார்த்துவிட்டு மரத்தைத் தேடித் தெருவை மூன்று சுற்றுச் சுற்றினார், கோகிலாவிடம் ஒரு சொம்புக் கூழ் குடித்தார், தன் நோட்டில் 'நிழல் உண்டு, மரம் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான்காம் தெருக்காரர்கள் காதுகுத்துக்கு நிழலை ஒருநாள் இரவல் கேட்டார்கள். ஜெசிந்தா தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் பின்னாலேயே நிழலும் முழு அகலத்துக்குச் சுவர்களில் ஏறி இறங்கி, மாடியில் காயும் துணிகளைத் தடவிக்கொண்டு போனது. வழியில் வந்த லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, நிழல் முழுவதும் கடந்து போகும்வரை காத்திருந்தார். அந்த ஒரு நாள் முழுக்க மூன்றாம் தெருவில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று சாயங்காலமே குடியிருப்போர் சங்கம் கூடி, இனிமேல் மரம் தெருவை விட்டுப் போகக்கூடாது என்று தீர்மானம் போட்டது.

தீர்மானத்தை எழுதியவர் சங்கச் செயலாளர் தெய்வசிகாமணி. கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்து மூன்று வயது, தீர்மானம் எழுதுவதில் ஒரு ருசி கண்டவர். அவர் கதையைத் தெரு முழுக்க அறியும். பதினொரு வருஷத்துக்கு முன் அவர் கார் வாங்கினார். காரை நிறுத்த இடம் வேண்டும் என்று மனைவி சுலோச்சனா நட்டு வளர்த்த வேப்பமரத்தை, அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாளில் ஆள் வைத்து வெட்டினார். திரும்பி வந்த சுலோச்சனா அடிக்கட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போனாள். அன்றிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், துணி மடித்து வைத்தாள், காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. மற்ற எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசினாள்.

நிழல் வந்த ஒன்பதாம் நாள் சுலோச்சனா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்தாள். தெய்வசிகாமணியும் தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் நாற்காலி போட்டார். பத்து நிமிஷம் கழித்து சுலோச்சனா தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நகர்ந்து உட்காருங்க. உங்க தலையில வெயில் படுது."

தெய்வசிகாமணி நகர்ந்து உட்கார்ந்தார். ஆட்டோவில் சாய்ந்திருந்த அன்வர் பாஷா பார்த்தான். தெய்வசிகாமணி மூக்கு சிவக்க, கைக்குட்டையைத் தேடி மூன்று பைகளிலும் கையை விட்டார். அதற்குப் பிறகு தினமும் நான்கு மணிக்கு இரண்டு நாற்காலிகள் வந்தன. பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை; தண்ணீர் வரவில்லை, முருங்கைக்காய் முற்றிப்போச்சு, அந்தச் சட்டையைப் போடாதீங்க, அவ்வளவுதான். நிழலை விட்டு எழுந்து வீட்டுக்குள் போனதும் மறுபடி மௌனம். ஆனாலும் தெய்வசிகாமணி மூன்றரை மணிக்கே முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு நிற்கத் தொடங்கினார்.

ஆனி மாதத்தில் ஜெசிந்தா தட்டுக்கு ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தாள். ஓட்டைகள் வழியாக வேர்கள் வெளியே வந்து ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டிருந்தன. மரமே தட்டிலிருந்து விரற்கடை அளவு மேலே எழும்பியிருந்தது. மண்ணைத் தின்று தீர்த்துவிட்டு வேர் வேரையே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தட்டு மாற்ற வேண்டிய வருஷம் தாண்டியிருந்தது. தெருக்காரர்களைக் கூட்டிச் சொன்னாள்.

"வேர்ல மூணுல ஒரு பங்கு வெட்டணும், புது மண்ணு போடணும். வேரைக் குறைச்சா இலையையும் கிளையையும் குறைக்கணும், இல்லன்னா மிச்சம் இருக்கிற வேரால அவ்வளவுக்கும் தண்ணி இழுக்க முடியாது. கொஞ்ச நாளைக்கு நிழல் இருக்காது."

"எவ்ளோ நாளைக்கு?" என்றாள் கோகிலா.

"ஒரு மாசம். துளிர்த்தா."

"துளிர்த்தான்னா, துளிர்க்காமலும் போவுமா?"

ஜெசிந்தா பல் மருத்துவரிடம் பதினாறு வருஷம் இருந்தவள், பொய் சொல்லிப் பழகவில்லை. "போகலாம்" என்றாள்.

அவ்வளவுதான், தெரு கொதித்தது. நன்றாக இருக்கிற மரத்தில் ஏன் கை வைக்கவேண்டும் என்றார் ஒருவர். வேரை வெட்டினால் மரம் பிழைக்கும் என்று எந்த ஊரில் சொல்கிறார்கள் என்றார் இன்னொருவர். தெய்வசிகாமணி எழுந்து, மேற்படி ஆலமரத்தின் மேற்படி வேரையோ மேற்படி கிளையையோ வெட்டக்கூடாது என்று அங்கேயே தீர்மானம் எழுதினார். அதோடு நிற்காமல், பாதுகாப்பு கருதி ஜெசிந்தா வீட்டிலுள்ள கத்தரி, கொறடு, கொக்கி முதலான அனைத்தையும் சங்க அறையில் வைத்துப் பூட்டுவது என்றும் சேர்த்துக்கொண்டார். நாலைந்து பேர் வந்து எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் அள்ளினார்கள். விற்பனைக்கு வைத்திருந்த புதுக் கருவிகளும் போயின, சல்லடையும் போனது, மண்ணைக் குத்தி இறக்கும் மூங்கில் குச்சிகூடப் போனது. "சார், இதால பல்லு கூடக் குத்த முடியாது" என்றாள் ஜெசிந்தா. "பட்டியல்ல இருக்கும்மா" என்றார் தெய்வசிகாமணி. மறுநாளிலிருந்து தெருவில் தையல் வேலை செய்பவர்கள்கூட ஜெசிந்தா வீட்டைக் கடக்கும்போது கத்தரிக்கோலை மறைத்துக்கொண்டு போனார்கள்.

ஆடி பிறந்தது, நிழல் நோயில் விழுந்தது. முதலில் அது கறுப்பிலிருந்து வெளிறி, பழைய ஃபோட்டோபோல மஞ்சளானது. அப்புறம் அதில் ஓட்டைகள் விழுந்தன. தட்டில் ஒரு சின்ன இலை பழுத்து விழும்போதெல்லாம் தெருவில் வெயில் முறம் முறமாகக் கொட்டியது. கோகிலா தன் கூழ்ப் பானையை ஓட்டைக்கு ஓட்டை நகர்த்தினாள். அன்வர் பாஷா முழங்காலுக்கு மட்டும் நிழல் கிடைக்கும்படி படுத்துக்கொண்டான். இரண்டு நாற்காலிகள் நெருங்கி நெருங்கி ஒரு பாய் அகல நிழலுக்குள் வந்து சேர்ந்தன.

ஒருநாள் சாயங்காலம் சுலோச்சனா எழுந்து மதில் பக்கம் போனாள், தட்டு மண்ணில் விரலை அழுத்தினாள், இறங்கவில்லை. சிமென்ட் தரைபோல இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"மூச்சு முட்டுது அதுக்கு" என்றாள். "பெட்டிச் சாவி உங்க இடுப்புலதான இருக்கு?"

"தீர்மானம் போட்டாச்சு சுலோ."

"அன்னிக்கு வெட்டக்கூடாததை வெட்டுனீங்க. இன்னிக்கு வெட்ட வேண்டியதை வெட்ட விடமாட்டேங்கிறீங்க." இதைச் சொல்லும்போதும் அவள் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தெய்வசிகாமணி தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஜெசிந்தா வீட்டுக்குள் வந்தார். பெட்டியை இறக்கினார், ஆனால் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்மா ஜெசிந்தா, உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு வெயில் பெரிசில்லை. நிழல் போயிட்டா அவ மறுபடி வாயை மூடிக்குவாளோன்னு பயம். பதினோரு வருஷம்மா. ரேடியோவோட பேசிக்கிட்டிருந்தேன்."

ஜெசிந்தா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். "மூடிக்க மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது சார். வெட்டாம விட்டா இன்னும் பத்து நாள் தாங்காது. அது மட்டும் நிச்சயமாத் தெரியும்."

தெய்வசிகாமணி தண்ணீரைக் குடித்து முடித்தார். பெட்டியிலிருந்து எழுந்தார். "எதை முதல்ல எடுத்துத் தரணும்?" என்றார்.

"நுனிக் கத்தரி."

செய்தி பரவித் தெருவே கூடிவிட்டது. தடுக்கத்தான் ஓடி வந்தார்கள், ஆனால் தீர்மானம் எழுதியவரே கையில் துண்டு ஏந்தி அதன்மேல் கருவிகளை அடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் யாரைப் போய்த் தடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஜெசிந்தா குனிந்து, "கொஞ்சமாத்தான் வலிக்கும்" என்றாள். முதல் குச்சியை வெட்டினாள். தட்டில் ஈர்க்குச்சி நீளத்தில் ஒன்று விழுந்தது. தெருவில் முப்பதடிக் கிளையின் நிழல் முறிந்து, மேலே இருந்து கீழே இறங்கி, அன்வர் பாஷாவின் ஆட்டோவை முழுக்க மூடியது. சத்தமே இல்லை, ஆனாலும் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அன்வர் பாஷா மெதுவாகப் போய் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். நனைந்த கம்பளிபோலக் கையோடு வந்தது. "யக்கா, சில்லுன்னு கீது" என்றான்.

அதற்கப்புறம் தடுக்கிற எண்ணம் யாருக்கும் இல்லை. கத்தரி கடிக்கக் கடிக்க, கொறடு குழிக்கக் குழிக்க, பால் கசியக் கசிய, கிளை நிழலும் கொம்பு நிழலும் தெருவில் குவிந்தன. ஜனங்கள் இரண்டு பேராகவும் நான்கு பேராகவும் தூக்கினார்கள், மடித்தார்கள், சுருட்டினார்கள், மாடிக்கு ஏற்றித் தளத்தின்மேல் விரித்தார்கள். கோகிலா ஒரு சின்னக் கிளையை எடுத்துக் கூழ்ப் பானையில் சுற்றிக் கட்டினாள். இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே கிளையை ஆளுக்கொரு பக்கம் இழுத்து நடுவில் கிழித்துவிட்டு, ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு சமாதானமானார்கள்.

"வேர்க்கொக்கி" என்றாள் ஜெசிந்தா. தெய்வசிகாமணி கொடுத்தார். அவள் தட்டைச் சுற்றிக் கத்தியை ஓட்டி மரத்தைத் தூக்கினாள். தட்டின் வடிவத்திலேயே, சுருட்டி வைத்த கயிறுபோல, வேர் மொத்தமும் மேலே வந்தது. அந்த நேரம் தெருவில் அதுவரை யாரும் பார்த்திராத நிழல் விழுந்தது: வேரின் நிழல். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நரம்பு நரம்பாக, வீட்டு வாசல்கள் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு அது கிடந்தது. மிதிக்க மனம் வராமல் எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அவள் கொக்கியால் சீவிச் சீவிச் சிக்கெடுத்தாள், தடித்த வேர்களை வெட்டினாள், புதுத் தட்டின் ஓட்டையில் வலை வைத்து, சலித்த செங்கல் பொடியும் மணலும் எருவும் போட்டு, மரத்தை உட்கார வைத்துக் கம்பியால் கட்டி, மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி மண்ணை வேர்களுக்கு இடையில் இறக்கினாள். தண்ணீர் ஊற்றினாள். இந்தத் தடவை இறங்கியது.

நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். மொட்டையாக நின்ற மரத்தின் காலடியில் அதன் நிழல் விழுந்திருந்தது. ஒன்றரை அடிக்கு மேல் இல்லை. எல்லா மரத்துக்கும் இருப்பதுபோல ஒரு நிழல். ஜெசிந்தா கையைக் கழுவாமலே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நான்கு மணிக்குத் தெய்வசிகாமணி முகம் கழுவவில்லை. வெளியே தெரு வெள்ளை வெளேர் என்று காய்ந்தது. அவர் அறையில் உட்கார்ந்து ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். வாசலில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் குரல் கேட்டது.

"ஏங்க, குடை பிடிக்க ஆள் வேணும்."

அவர் ஓடினார். சுலோச்சனா நட்டநடு வெயிலில், தினமும் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் குடையை விரித்துப் பிடித்தார். சுலோச்சனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். முதல் வருஷத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு வருஷமாக, எந்த வருஷம் அவர் என்ன செய்தார், அப்போது அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் எப்படி விழுங்கினாள் என்று ஒன்று விடாமல் திட்டிக்கொண்டே போனாள். கை வலித்தபோது அவர் குடையை மறு கைக்கு மாற்றினார். அந்தக் கையும் வலித்தது. ஐந்தாம் வருஷத்தில் இருட்டத் தொடங்கியதால் மிச்சத்தை நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி எழுந்தாள். வீட்டுக்குள் போன பிறகும் பேச்சு நிற்காமல் ஆறாம் வருஷத்துக்குப் போய்விட்டது.

மாடிகளில் விரித்த நிழல்கள் பன்னிரண்டு நாள் தாங்கின. அப்புறம் ஓரம் சுருண்டு, அப்பளம்போல மொறமொறத்து, விளக்குமாற்றுக்கு உதிர்ந்து போயின. கோகிலாவின் பானையில் கட்டியது மட்டும் கூழின் ஈரத்தால் இன்னும் நாலு நாள் கூட இருந்தது. ஜெசிந்தாவை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போகிற வழியில் மதிலை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்கள், அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. பார்சல் கட்ட உட்கார்ந்தால் கத்தரிக்குப் பதில் கம்பியை வைத்தாள், கம்பிக்குப் பதில் சல்லடையை வைத்தாள். மதுரைக்காரர் ஒருவருக்கு அவளுடைய மூக்குக்கண்ணாடி போய்ச் சேர்ந்தது.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, கிளையின் நுனியில் அரிசி முனை அளவுக்குச் சிவப்பாக ஒன்று தெரிந்தது. மூன்று நாள் அது மூடியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அது அவிழ்ந்து, எறும்பு உட்கார்ந்தால் நிறைந்துவிடும்போல ஒரு இலை விரிந்திருந்தது. கண்ணாடி இல்லாமல் ஜெசிந்தா அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தெருவில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

அவள் ஓடி வந்தாள். தெய்வசிகாமணியும் சுலோச்சனாவும் வந்தார்கள், கோகிலா கரண்டியோடு வந்தாள், கதவு கதவாகத் திறந்து தெருவே வந்தது. மூன்றாவது வீட்டு வாசலுக்கு எதிரே, வெள்ளை வெயிலுக்கு நடுவில், பெரிய முறம் ஒன்றைக் கவிழ்த்து வைத்த அகலத்தில், காம்பும் நரம்பும் நுனியுமாக ஒரே ஒரு ஆலிலையின் நிழல் கிடந்தது. அதற்குள் எங்கிருந்தோ வந்த ஒரு செவலை நாய், மூக்கை வாலுக்குள் செருகி, வட்டமாகச் சுருண்டு, கச்சிதமாக நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். தலையிலிருந்து வேர்வை வழிந்தது.

"எழுப்பட்டுமா?" என்றான் அன்வர் பாஷா மெல்ல.

"சும்மா இரு" என்றாள் சுலோச்சனா. "அதுதான் முதல்ல வந்துது."

ஆகவே பூஞ்சோலை நகர் மூன்றாம் தெரு முழுவதும் வெயிலில் நின்று ஒரு நாய் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சூரியன் ஏற ஏற இலையின் நிழல் மெல்ல நகர்ந்தது. நாயும் கண் திறக்காமலே புரண்டு புரண்டு அதோடு நகர்ந்தது. அதற்கு வழிவிட்டு, ஜனங்களும் ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர்ந்தார்கள்.